இரண்டு காது போதும், யாருடைய காது?

“காது இரண்டு. ஹெட்போனில் ஸ்பீக்கரும் இரண்டு. அப்புறம் எதற்கய்யா ஐந்து, ஏழு, பதினொன்று என்று சானல் கணக்கு?” ஆடியோவில் பணம் போட்டவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி வந்தே தீரும். கேட்டவர் ஜெயித்துவிட்டதாக மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சரவுண்ட் ரிசீவரை ஒரு மெய்நிகர் ஸ்பீக்கர் கருவியோடு இணைத்து, ஏழு ஸ்பீக்கர் உள்ள அறையை ஹெட்போனில் எழுப்பப் பார்ப்பதெல்லாம் வீண் வித்தை. ரிசீவரின் முகப்பிலேயே ஹெட்போன் துளை இருக்கிறது, அதில் செருகிப் படத்தைப் பார்த்துவிட்டுப் படு என்பதுதான் இன்று ஓங்கி நிற்கும் கருத்து.

இப்படிச் சொல்பவர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட முடியாது. செவிப்பறைக்குப் போய்ச் சேருவது இரண்டே இரண்டு ஒலிகள்தான் என்பதில் அவர்கள் தவறவில்லை. ஒலியை எவ்வளவு குறைவாகக் கையாளுகிறோமோ அவ்வளவு நல்லது என்ற அவர்கள் எச்சரிக்கையும் அனுபவத்தில் விளைந்தது. அட்டைப் பெட்டியில் ‘7.1’ என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கும் விளையாட்டு ஹெட்செட்டுகளை வாங்கி ஏமாந்தவர்கள் ஏராளம். அந்தப் பொத்தானை அழுத்தினால் வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடுகிறது என்பதையும் மறுக்கப் போவதில்லை. இத்தனை சரியான செய்திகளை வைத்துக்கொண்டு அவர்கள் வந்து சேரும் முடிவுதான் தவறு. எங்கே தவறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்குமுன், எந்தக் கருவியைப் பற்றிய பேச்சு இது என்று சொல்லிவிட வேண்டும். ஒரு அறையில் ஏழு ஸ்பீக்கர்கள், நடுவில் நீங்கள். இரு காதுத் துளைகளிலும் மிகச் சிறிய மைக்குகள். ஒவ்வொரு ஸ்பீக்கரும் தன் முறை வரும்போது, அடிச்சுருதியிலிருந்து உச்சத்துக்கு ஏறும் ஒரு சோதனை ஒலியை விடுகிறது. அது சுவரில் பட்டு, தோளில் பட்டு, காதுமடலின் மடிப்புகளில் சிதறித் துளைக்குள் வந்து சேரும்போது என்னவாக மாறியிருக்கிறது என்பது பதிவாகிறது. ஏழு ஸ்பீக்கர், இரண்டு காது, ஆக 14 பதிவுகள். பிறகு ஹெட்போனை மாட்டி, அந்த ஹெட்போன் உங்கள் காதில் செய்யும் மாற்றத்தையும் அளந்து கழித்துவிடுகிறார்கள். இனி எந்தச் சானல் வந்தாலும் அதற்குரிய இரண்டு பதிவுகளின் வழியாகச் செலுத்தினால், அந்த ஸ்பீக்கர் நின்ற இடத்திலிருந்தே ஒலி கேட்க வேண்டும்.

இதை வீட்டுக்கான கருவியாகச் செய்துகாட்டியது ஸ்மித் ரிசர்ச் நிறுவனத்தின் ‘ரியலைசர்’. முதலில் எட்டுச் சானல் கொண்ட ஏ8. பின்னர் 2016-இல் கூட்டு நிதி திரட்டி அறிவிக்கப்பட்ட, 16 சானல் கொண்ட ஏ16. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீபன் ஸ்மித் நம் திரையரங்குகளுக்கு அந்நியர் அல்லர். 1980-களில் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வில் பிறந்த ‘ஆப்ட்-எக்ஸ்’ என்னும் ஒலிச்சுருக்க முறையைத்தான் 1993-இல் ‘ஜுராசிக் பார்க்’கோடு வந்த டி.டி.எஸ். திரையரங்க முறை பயன்படுத்தியது. 1996-இல் ‘கருப்பு ரோஜா’வுக்கு டி.டி.எஸ். என்று போஸ்டரில் போட்டுக் கூட்டம் சேர்த்தோமே, அதே முறைதான். தியேட்டரில் அந்த மனிதரின் கணக்கை நம்பிக் கைதட்டியவர்கள், ஹெட்போனில் அதே மனிதர் கணக்குப் போட்டால் ‘வித்தை’ என்கிறார்கள்.

1. இரண்டு காது வாதம் எதிர்த்தரப்புக்கு அல்ல, என் தரப்புக்குச் சாட்சி சொல்கிறது.

செவிப்பறையில் விழும் இரண்டு ஒலிகளே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன என்றால், அந்த இரண்டையும் அச்சுப் பிசகாமல் உண்டாக்கினால் ஏழு ஸ்பீக்கரும் இருப்பதாகத்தானே கேட்க வேண்டும்? மெய்நிகர் ஸ்பீக்கர் என்பதன் மொத்த அடிப்படையே இவ்வளவுதான். நீங்கள் காட்ட வேண்டியது வேறு: சாதாரண ஸ்டீரியோ அந்த இரண்டு ஒலிகளை உண்டாக்குகிறது என்பதை. அது முடியாது.

ஒலியின் திசையை நாம் எப்படி அறிகிறோம் என்பதற்கு 1907-இல் ராலே பிரபு இரண்டு காரணங்களை எடுத்து வைத்தார். ஒரு காதுக்கு ஒலி சற்று முந்தி வருகிறது. உச்சச் சுருதிகளில் ஒரு காதுக்குச் சற்று உரக்கவும் வருகிறது. அந்த முந்துதல் மிகுந்தால் ஒரு மில்லி நொடியில் மூன்றில் இரண்டு பங்கு. இடது, வலது சொல்ல இது போதும். ஆனால் நேர் முன்னால் பேசுபவரின் குரலும் நேர் பின்னால் பேசுபவரின் குரலும் இரு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில்தான் வந்து சேரும். அப்படியும் இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வது அரிது. முதல் காரணம் காதுமடல்: திசைக்கேற்ப உச்சச் சுருதிகளில் சிலவற்றை அது விழுங்கிவிடுகிறது, எதை எவ்வளவு விழுங்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டாவது காரணம் தலையசைவு. 1940-இல் ஹான்ஸ் வாலக் இதைச் சோதித்துக் காட்டினார். தலையைச் சற்று வலப்பக்கம் திருப்பினால் முன்னால் இருக்கும் ஒலி இடது காதுக்கு முந்துகிறது. பின்னால் இருக்கும் ஒலி வலது காதுக்கு முந்துகிறது. நமக்கே தெரியாமல் நாள் முழுக்க இந்தச் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறோம்.

சாதாரண ஹெட்போனில் காதுமடலின் கணக்கும் இல்லை, தலையசைவின் கணக்கும் இல்லை. தலையைத் திருப்பினால் திரை அங்கேயே நிற்கிறது, கதாநாயகன் குரல் மட்டும் கூடவே திரும்புகிறது. இப்படி நடக்கும் ஒலி உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பதால், மூளை அதைத் தலைக்குள்ளேயே வைத்துவிடுகிறது.

2. ரிசீவரின் ஹெட்போன் துளையில் வருவது சரவுண்ட் தீர்ந்துபோன பிறகு மிஞ்சுவது.

அந்தத் துளைக்கு வருமுன் ரிசீவர் என்ன செய்கிறது? நடுச் சானலை 3 டெசிபல் குறைத்து இடதிலும் வலதிலும் சேர்க்கிறது. பின்பக்க இடதை அதேபோல் குறைத்து முன் இடதில் சேர்க்கிறது, வலதுக்கும் அப்படியே. சப்வூஃபருக்கான தனிச் சானலைப் பெரும்பாலும் தூக்கி எறிந்துவிடுகிறது. கலந்த பிறகு எது முன்னால் இருந்தது, எது பின்னால் இருந்தது என்று எந்தக் கருவியாலும் பிரித்தெடுக்க முடியாது. அந்தத் துளையிலிருந்து ஒயர் எடுத்து மெய்நிகர் கருவிக்குக் கொடுப்பவர், கருவி சரியில்லை என்று குறை சொல்ல வழியே இல்லை. சில ரிசீவர்கள் அந்தத் துளையிலேயே ‘டால்பி ஹெட்போன்’ அல்லது யமஹாவின் ‘சைலன்ட் சினிமா’ போன்ற ஒன்றைச் சேர்த்துத் தரும். வெறும் கலவையைவிட மேல்தான். ஆனால் அதில் இருப்பது பொதுவான ஏதோ ஒரு தலையின் கணக்கு, உங்களுடையது அல்ல.

ஆகவே சானல்கள் தனித்தனியாக இருக்கும்போதே இணைத்தாக வேண்டும். அதற்கு வழி இரண்டு. ரிசீவரின் பின்புறம் உள்ள ப்ரீ-அவுட் துளைகளிலிருந்து சானலுக்கு ஒரு ஒயர் என்று எடுப்பது ஒன்று. ஏ16 போலத் தானே டால்பி அட்மாஸையும் டி.டி.எஸ்:எக்ஸையும் பிரிக்கத் தெரிந்த கருவியாக இருந்தால், ப்ளூ-ரே பிளேயரின் எச்.டி.எம்.ஐ. ஒயரை நேராக அதற்கே கொடுப்பது மற்றொன்று. ரிசீவரின் எச்.டி.எம்.ஐ. அவுட்டிலிருந்து எடுக்கலாமே என்று கேட்பார்கள். ரிசீவர் பிரித்தும் விரித்தும் வைத்த சானல்கள் பெரும்பாலும் அந்த வழியே வெளியே வருவதில்லை. உள்ளே வந்தது அப்படியே டி.வி.க்குப் போகும்.

ஆப்டிகல் ஒயரை நம்புகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அதில் சுருக்கப்படாத ஒலி என்றால் இரண்டே சானல்தான் போகும், 5.1 வேண்டுமென்றால் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டலோ டி.டி.எஸ்.ஸோதான் போகும். ட்ரூஎச்.டி. போகவே போகாது. போதாக்குறைக்கு, எச்.டி.எம்.ஐ. வழியே வந்த 5.1-ஐ ஆப்டிகலில் ஸ்டீரியோவாக்கி அனுப்பும் டி.வி.கள் பல. டி.வி.யிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால், 2017-இன் எச்.டி.எம்.ஐ. 2.1-ஓடு வந்த ‘ஈ-ஆர்க்’ இரு முனையிலும் இருக்கிறதா என்று பாருங்கள். சுருக்கப்படாத எட்டுச் சானல் அதில் போகும், பழைய ‘ஆர்க்’கில் போகாது. இன்னொன்று: பல ரிசீவர்களில் முகப்புத் துளையில் ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர்களோடு ப்ரீ-அவுட்டும் ஊமையாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்டிவிட்டு, மெய்நிகர் கருவியில் சத்தமே வரவில்லை என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

3. ‘கலப்படமற்ற ஸ்டீரியோ’ என்கிறார்களே, ஹெட்போனில் கேட்கும் ஸ்டீரியோவே கலப்படம்.

ஸ்டீரியோ ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை, எதிரே 60 பாகை இடைவெளியில் வைத்த இரண்டு ஸ்பீக்கர்களில் கேட்டுச் சீர்செய்யப்பட்டவை. அங்கே இடது ஸ்பீக்கரை இடது காது மட்டுமா கேட்கிறது? வலது காதும் கேட்கிறது, ஏறத்தாழ கால் மில்லி நொடி தாமதமாக, தலையின் நிழல் விழுந்து சற்று மங்கலாக. அந்தக் குறுக்கொலியையும் சேர்த்துக் கேட்டுத்தான் ஒலிப்பதிவாளர் எது எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஹெட்போன் அந்தக் குறுக்கொலியை முற்றாக வெட்டிவிடுகிறது. அவர் கேட்காத ஒன்றைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். பெஞ்சமின் பாவர் 1961-லேயே இந்த முரண்பாட்டை எழுதி, அதைச் சரிசெய்ய ஒரு மின்சுற்றையும் வகுத்துக் கொடுத்தார். அறுபது ஆண்டுக்கு மேலான செய்தி இது. பாட்டுக்கு இந்தக் குறை பழகிப்போய்விட்டது, அதில் ஒரு சுகமும் இருக்கிறது. நானும் பாட்டை அப்படியே கேட்பவன்தான். படத்துக்கு அது பொருந்தாது. வசனம் திரையின் நடுவிலிருந்து வர வேண்டும் என்று தனி ஸ்பீக்கரே வைத்துக் கலந்த ஒலி, ஹெட்போனில் நெற்றிக்குள்ளிருந்து வருகிறது. கையாளாமல் விடுவதால் எதுவும் தூய்மையாகிவிடாது.

4. “நானே கேட்டுப் பார்த்தேன், ஒரே எதிரொலி” என்பதுதான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

என்ன கேட்டார்கள்? பெரும்பாலானவர்கள் கேட்டது அடுத்தவர் காதில் அளந்த கணக்கை. 1994-இல் எம்.ஐ.டி.யில் கெமார் என்ற பொம்மைத் தலையில் எடுத்த அளவீடுகள் இலவசமாக வெளிவந்தன. எத்தனையோ மென்பொருள்கள் அவற்றை எடுத்தாண்டன. பொம்மைக்குப் பொருந்தும் கணக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று யார் சொன்னார்கள்? நாசாவின் எலிசபெத் வென்சலும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் காதின் கணக்கைக் கேட்டவர்கள் இடது வலதை ஒழுங்காகச் சொன்னார்கள். முன்னையும் பின்னையும் மேலையும் கீழையும்தான் அதிகம் குழப்பிக்கொண்டார்கள். ஹெட்செட் வாங்கி ஏமாந்தவர் சொல்லும் குறையும் எழுத்துக்கு எழுத்து இதுவே: “பக்கத்தில் நன்றாகக் கேட்கிறது, முன்னால் மட்டும் எதுவும் இல்லை.” அளவெடுக்காமல் தைத்த சட்டை பிடிக்கவில்லை என்பதற்காகத் தையலே பொய் என்று தீர்ப்பெழுத முடியுமா?

பழகினால் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்பவர்களும் உண்டு. நெதர்லாந்தில் ஹாஃப்மனும் கூட்டாளிகளும் 1998-இல் சிலரின் காதுமடலுக்குள் அச்சுவார்ப்பு வைத்து அதன் வடிவத்தையே மாற்றினார்கள். ஒலி மேலிருந்து வருகிறதா கீழிருந்தா என்று சொல்லும் திறன் உடனே போயிற்று; சில வாரங்களில் புதிய காதைக் கற்றுக்கொண்டு திரும்பவும் வந்தது. ஆகவே பழகலாம்தான். ஆனால் அவர்கள் அந்த வார்ப்போடு வாரக்கணக்கில் நடமாடினார்கள். சனிக்கிழமை இரவு இரண்டரை மணி நேரப் படத்தில் அந்தப் பழக்கம் வந்துவிடாது.

ஏமாற்றத்துக்கு அடுத்த காரணம் இரட்டை வேலை. விளையாட்டே ‘ஹெட்போன்’ என்ற அமைப்பில் தன் கணக்கைப் போட்டுவிடுகிறது. அதன்மேல் விண்டோஸ் சோனிக் இன்னொரு கணக்கைப் போடுகிறது. அதற்கும் மேல் ஹெட்செட்டின் 7.1 பொத்தான். ஒரே ஒலி மூன்று தலைகளைக் கடந்து வந்தால் கிணற்றுக்குள் கேட்காமல் வேறெங்கே கேட்கும்? கணக்கு ஒரே இடத்தில் நடக்க வேண்டும். விளையாட்டிடம் “எனக்கு 7.1 ஸ்பீக்கர் இருக்கிறது” என்று சொல்லிவிட்டு மெய்நிகர் கருவியிடம் வேலையை விடுங்கள், இல்லையென்றால் விளையாட்டிடமே விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அணையுங்கள்.

ரிசீவரோடு இணைப்பவர்கள் இதே பிழையை வேறு வடிவில் செய்கிறார்கள். ரிசீவருக்குள் ஸ்பீக்கர் தூரம், அறைத் திருத்தம், எந்த ஸ்பீக்கர் சிறியது எது பெரியது என்ற அமைப்புகள் எல்லாம் இருக்கின்றன. ப்ரீ-அவுட்டில் வரும் ஒலி அவற்றைக் கடந்துதான் வருகிறது. ஒரு மீட்டர் தூர வித்தியாசம் என்றால் ஏறக்குறைய 3 மில்லி நொடித் தாமதம். காதுகளுக்கிடையே இருக்கும் மிகப்பெரிய வித்தியாசமே அதில் நாலில் ஒரு பங்குதான். அளவெடுத்தபோதே அறைத் திருத்தம் போட்டிருந்தால், காதில் பதிந்த கணக்கில் அது ஏற்கெனவே இருக்கிறது. கேட்கும்போதும் போட்டிருந்தால் இரண்டாம் முறையாகத் திருத்துகிறது, அதாவது கெடுக்கிறது. ஒன்று அளவில் இருக்கட்டும், இல்லை ஓட்டத்தில் இருக்கட்டும்.

தலையசைவைப் பின்தொடரும் உணரியைப் பலர் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறார்கள். வாலக்கைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ரியலைசர் அளவெடுக்கும்போதே இடது ஸ்பீக்கரை, நடு ஸ்பீக்கரை, வலது ஸ்பீக்கரைப் பார் என்று மூன்று முறை முகத்தைத் திருப்பச் சொல்வது இதற்குத்தான். பிறகு நீங்கள் தலையைத் திருப்பும்போது இந்த மூன்றுக்கும் இடைப்பட்டதைக் கணக்கிட்டு, ஒலியைத் திரையோடு கட்டிவைக்கிறது. உணரியை அணைத்துவிட்டுக் கேட்டு, முன்னால் எதுவும் இல்லையே என்பது தானே வரவழைத்துக்கொண்ட குறை.

5. “ஹெட்போனில் சப்வூஃபர் ஏது?”

பாதி நியாயம். நெஞ்சில் மோதும் அதிர்வைக் காதுக்கருவி தராது. நாற்காலியின் அடியில் அதிர்வுக் கருவி பொருத்துபவர்கள் இருக்கிறார்கள், அதற்கு ப்ரீ-அவுட்டின் சப்வூஃபர் ஒயரைப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் அடியொலியே இல்லை என்று புலம்புபவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சப்வூஃபருக்கான தனிச் சானல் ஒலிப்பதிவில் 10 டெசிபல் தாழ்த்தி வைக்கப்படுகிறது. கேட்கும் இடத்தில் அதை ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது முறை. உங்கள் இணைப்பில் அதை ஏற்றுவது யார்? ரிசீவரா, மெய்நிகர் கருவியா? இருவருமே ஏற்றாவிட்டால் இடி பட்டாசாகிவிடும். இருவரும் ஏற்றினால் வசனம் புதைந்துபோகும். இதைச் சரிபார்க்காமலே ஹெட்போனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் எத்தனை பேரோ.

6. “பணக்காரன் விளையாட்டு; அதுவும் தனியாக உட்கார்ந்து விளையாடும் விளையாட்டு.”

ஏ16 விலை சில ஆயிரம் டாலர் என்பது உண்மை. கணக்கு மட்டும் அந்தப் பெட்டிக்குள் பூட்டப்பட்டதல்ல. விண்டோஸ் கணினியில் ‘ஈக்வலைசர் ஏ.பி.ஓ.’, அதன்மேல் ‘ஹெசுவி’, இரண்டும் இலவசம். ஹெசுவிக்குக் கொடுக்க வேண்டிய கோப்பில் இருப்பதும் அதே 14 பதிவுகள்தான். காதுக்குள் வைக்கும் மைக் ஒரு ஜோடியும், ‘இம்பல்சிஃபர்’ என்ற இலவச மென்பொருளும் இருந்தால் உங்கள் காதையே அளந்து அந்தக் கோப்பைச் செய்துகொள்ளலாம். தலையசைவு கிடைக்காது, ஒலி கணினி வழியாகத்தான் வர வேண்டும், பொறுமை நிறைய வேண்டும். ஒருமுறை அளக்க ஒரு நல்ல அறை வேண்டும். அது உங்கள் அறையாக இருக்க வேண்டியதில்லை, நண்பர் வீட்டு ஹோம் தியேட்டரில் அளந்துகொண்டு வந்துவிடலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஏழு ஸ்பீக்கருக்கும் இடமில்லாமல், இடம் இருந்தாலும் இரவு பத்துக்கு மேல் சப்வூஃபர் போட முடியாமல் இருப்பவர்கள்தான் இதற்கு முதல் பயனாளிகள். தனிமைக் குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை: ஏ16-இல் இருவர், அவரவர் காதுக் கணக்கோடு, ஒரே படத்தைக் கேட்கலாம். கூட்டமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஸ்பீக்கர்களை யாரும் தடை செய்யவில்லை.

இன்னும் ஏற்காதவர்களிடம் பேச்சை வளர்க்க வேண்டாம், ஒரு சோதனை போதும். ஏழு சானலிலும் மாறி மாறிப் போகும் இரைச்சல் ஒலியை எடுங்கள். கண்ணை மூடச் சொல்லி, ஒலி வரும் திசையைக் கையால் காட்டச் சொல்லுங்கள். முதலில் ரிசீவரின் ஹெட்போன் துளையில். பிறகு, அவர் காதிலேயே அளந்து, உணரியோடு, ப்ரீ-அவுட்டிலிருந்து இணைத்த கருவியில். நடுச் சானலும் பின்பக்கச் சானல்களும் வரும்போது கை எங்கே போகிறது என்று இரண்டு சுற்றிலும் தாளில் எழுதிவையுங்கள். காது எத்தனை என்ற கேள்வியை அந்தத் தாளை வைத்துக்கொண்டு கேட்கட்டும்.